எச்டிஆர் படம்: எடுப்பதிலிருந்து பிரிண்ட் வரை முழுமையான வழிகாட்டி

எச்டிஆர், அதாவது பளிச்சென்ற வெயிலையும் ஆழ்ந்த நிழலையும் ஒரே படத்தில் காட்டும் முறை (ஹை டைனமிக் ரேஞ்ச்), பழக நினைப்பவர்கள் பெரும்பாலும் கேமரா மெனுவில்தான் ஆரம்பிக்கிறார்கள். காகிதத்தில் ஆரம்பித்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் கட்சி. கேமரா எவ்வளவு பிடித்துக் கொடுத்தாலும் படம் கடைசியில் வந்து உட்காரப்போவது ஒரு தாளில். தாளில் இடம் குறைவு.

எவ்வளவு குறைவு? வெளிச்சம் இரண்டு மடங்கானால் ஒரு ஸ்டாப். பிரிண்டில் கறுப்பின் அடர்த்தியை அளக்கும்போது 0.3 கூடினால் ஒரு ஸ்டாப் என்று கணக்கு. நல்ல கிளாசி தாளில் மிக ஆழமான கறுப்பு 2.3 பக்கம் வரும். அதாவது தாளின் வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே ஏழு ஸ்டாப்தான் தேறும். மேட் தாளில் கறுப்பு 1.6 பக்கமே நின்றுவிடுவதால் ஐந்து ஸ்டாப். இன்றைய நல்ல கேமரா சென்சாரோ குறைந்த ஐஎஸ்ஓவில் (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) 12 முதல் 14 ஸ்டாப் வரை பிடிக்கிறது. அதையும் தாண்டுகிற இடங்களுக்காகத்தான் பல எக்ஸ்போஷர் (ஒரே காட்சியை வெவ்வேறு அளவு வெளிச்சம் விட்டு எடுத்த படங்கள்) எடுத்துச் சேர்க்கிறோம்.

ஆக, எச்டிஆரில் இரண்டு வேலை இருக்கிறது. அகலமான வெளிச்சத்தைப் பிடிப்பது ஒன்று. பிடித்ததை ஏழு ஸ்டாப்புக்குள் மடக்குவது இன்னொன்று. பெரிய ஜமுக்காளத்தைச் சின்னப் பெட்டிக்குள் வைக்கிற கதைதான்: எங்கே மடிப்பு விழ வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யாவிட்டால், அதுவாக எங்காவது கசங்கும். முதல் வேலையை இப்போது கேமராவும் கணினியுமே பார்த்துக்கொள்கின்றன. இரண்டாவதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

பிரச்சினை புதிதல்ல. 1850களிலேயே பிரான்சில் குஸ்தாவ் லு கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியாக எடுத்து ஒரே தாளில் பிரிண்ட் போட்டார். கடலுக்கு எக்ஸ்போஷர் கொடுத்தால் அந்தக் காலத்து நெகட்டிவில் வானம் வெளுத்துவிடும், வேறு வழியில்லை. டிஜிட்டலில் இதற்குக் கணித அடித்தளம் போட்ட கட்டுரைகளில் முக்கியமானது 1997இல் பால் டெபவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் எழுதியது. ஒரே காட்சியை வெவ்வேறு ஷட்டர் வேகத்தில் எடுத்த படங்களிலிருந்து, காட்சியின் உண்மையான வெளிச்ச விகிதங்களைத் திரும்பக் கணக்கிடலாம் என்று காட்டினார்கள். மென்பொருளில் 'மெர்ஜ்' பட்டனை அழுத்தும்போது நடப்பது அடிப்படையில் அதுதான்.

முதலில்: பல எக்ஸ்போஷர் தேவையா?

பாதி நேரம் தேவையில்லை. கடற்கரையில் மாலை வெளிச்சம், மேகமூட்டமான தெரு, ஜன்னலோரத்து முகம் இதற்கெல்லாம் ஒரே ஒரு ரா படம் (சென்சார் பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) போதும். வெளிச்சப் பகுதி வெளுக்காமல் எக்ஸ்போஷர் வைத்துக்கொண்டு, நிழலைக் கணினியில் தூக்கிக்கொள்ளலாம். ஜேபெக்கில் இது நடக்காது. தூக்கியதும் நிழல் கட்டம் கட்டமாகப் பிளந்துவிடும்.

பல எக்ஸ்போஷர் கட்டாயம் வேண்டியது, இருட்டுக்குள் நின்றுகொண்டு வெயிலைப் பார்க்கிற இடங்களில். மதுரை திருமலை நாயக்கர் மகாலையே எடுத்துக்கொள்வோம். 1636இல் கட்டிய அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதிதான். ஆனாலும் எச்டிஆர் பழக அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் பருமனான தூண்கள், மேலே வளைவுகள், சுதை வேலைப்பாடு. தூண் வரிசைக்குள் நின்று முற்றத்தைப் பார்த்தால், வெயில் படுகிற சுண்ணாம்புப் பூச்சு கண்ணைக் கூசும். தலைக்கு மேலே கூரை மூலை கிட்டத்தட்ட கறுப்பு. இந்த இடத்தை வைத்தே மீதியைச் சொல்கிறேன்.

வெளிச்சத்தை அளப்பது

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். இங்கே நிதானமாக நின்றால் பின்னால் நிறைய வேலை மிச்சம்.

கேமராவை ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப் 8 என்று வைத்து, மீட்டரிங்கை ஸ்பாட்டுக்கு, அதாவது ஒரு சின்ன இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும்படி, மாற்றுங்கள். வெயில் படும் தூண்மேல் வைத்துப் பாருங்கள். 1/1000 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் கூரையின் இருண்ட மூலை. 2 விநாடி காட்டுகிறது. 1/1000இலிருந்து இரண்டு இரண்டு மடங்காக எண்ணிக்கொண்டு வந்தால் 2 விநாடிக்கு 11 ஸ்டாப். இதற்கு மேலே மேகத்தின் பளிச், கீழே மூலைக்குள் இருக்கும் இன்னும் இருட்டான இடுக்கு என்று இரண்டு பக்கமும் கொஞ்சம் கூடும். ஒரே படத்தில் அடக்கப் பார்த்தால் அந்த மூலை முழுக்கப் புள்ளிபுள்ளியாக நாய்ஸ்தான் மிஞ்சும்.

அதற்காக 1/1000இலிருந்து 2 விநாடி வரை அத்தனையையும் எடுக்க வேண்டியதில்லை. ஸ்பாட் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கும் எக்ஸ்போஷரைத்தான் சொல்லும். வெயில் பட்ட தூண் சாம்பல் இல்லை, பளிச். அதனால் மீட்டர் சொன்னதைவிட இரண்டு ஸ்டாப் கூட்டிக் கொடுக்கலாம்: 1/250. கூரை மூலையும் சாம்பல் இல்லை, இருட்டு. மூன்று ஸ்டாப் குறைத்துக் கொடுத்தால் போதும்: 1/4. உங்களுக்கு வேண்டியது 1/250 முதல் 1/4 வரை, வெறும் ஆறு ஸ்டாப். இரண்டு ஸ்டாப் இடைவெளியில் நான்கு படம்: 1/250, 1/60, 1/15, 1/4.

கேமராவின் ஆட்டோ பிராக்கெட்டிங் (எக்ஸ்போஷரைத் தானாக மாற்றி மாற்றி எடுக்கும் வசதி) பெரும்பாலும் ஒற்றைப்படையில்தான் எடுக்கும். நடுவில் 1/30 வைத்து, இரண்டு ஸ்டாப் இடைவெளியில் ஐந்து படம் சொன்னால் 1/500, 1/125, 1/30, 1/8, 1/2 வரும். இரண்டு முனையிலும் ஒரு ஸ்டாப் கூடுதலாகக் கிடைக்கும், நல்லதுதான். உங்கள் கேமரா மூன்றுக்கு மேல் எடுக்காது என்றால் கவலைப்படாதீர்கள். மேனுவல் மோடில் ஷட்டர் டயலை நீங்களே திருப்புங்கள். டயலின் ஒவ்வொரு 'கிளிக்'கும் மூன்றில் ஒரு ஸ்டாப் என்றால், ஆறு கிளிக் இரண்டு ஸ்டாப்.

எடுப்பது

மாற வேண்டியது ஷட்டர் வேகம் மட்டும். அப்பர்ச்சர் மாறினால் ஃபோகஸின் ஆழம் மாறும். ஐஎஸ்ஓ மாறினால் ஒரே படத்துக்குள் நாய்ஸ் வேறு வேறாக இருக்கும். ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைத்துவிடுங்கள். அதை மறந்தால் அப்பர்ச்சர் மோடில் கேமரா ஷட்டருக்குப் பதில் ஐஎஸ்ஓவை ஆட்டி வைக்கும், நமக்குத் தெரியவும் தெரியாது. ஒயிட் பேலன்ஸை வெயில் என்று நிறுத்திவிடுங்கள். ஃபோகஸ் ஒருமுறை செய்துவிட்டு மேனுவலுக்குத் தள்ளிவிடுங்கள். ஃபைல் வகை ரா.

ட்ரைபாட் இருந்தால் நிம்மதி. தொல்லியல் துறைப் பொறுப்பிலுள்ள இடங்களில் ட்ரைபாட்டுக்குத் தனி அனுமதி கேட்பது வழக்கம், டிக்கெட் கவுண்டரிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். ட்ரைபாட்டில் ஏற்றியதும் லென்ஸின் ஸ்டெபிலைசரை அணைத்து, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள். கேமராவில் பிராக்கெட்டிங்கும் டைமரும் சேர்ந்து ஓடும் என்றால் ஒரே அழுத்தில் ஐந்தும் விழுந்துவிடும்.

ட்ரைபாட் இல்லையா? தூணிலேயே சாயுங்கள். கேமராவின் பக்கவாட்டைத் தூணோடு ஒட்டி அழுத்தி, ஐஎஸ்ஓவை 400க்கு ஏற்றி, தொடர் ஷாட் மோடில் ஐந்தையும் சடசடவென்று தட்டுங்கள். 1/2 விநாடி இப்போது 1/8 ஆகிவிடும். சின்ன நகர்வை மென்பொருள் சரிசெய்யும். ஆட்டத்தில் கலங்கிய படத்தை யாராலும் சரிசெய்ய முடியாது.

எடுத்ததும் ஹிஸ்டோகிராம் (இடது முனை கறுப்பு, வலது முனை வெள்ளை என்று காட்டும் வரைபடம்) பாருங்கள், அதுவும் இரண்டு படத்துக்கு மட்டும். மிகவும் இருண்ட படத்தில் வரைபடம் வலது சுவரைத் தொடக்கூடாது. மிகவும் வெளுத்த படத்தில் இடது சுவரை விட்டு விலகியிருக்க வேண்டும். இரண்டும் சரியென்றால் நடுவில் உள்ளவற்றைப் பார்க்கவே வேண்டாம். சூரியனே ஃபிரேமுக்குள் இருந்தால் வலது சுவரைத் தொடத்தான் செய்யும். அது வெள்ளையாகவே இருக்கட்டும்.

மகாலில் ஆள் நடமாட்டம் ஓயாது, புறாக்களும் உண்டு. ஐந்து படத்தில் ஐந்து இடத்தில் நிற்கிற மனிதர் சேர்த்தபின் ஆவி மாதிரி தெரிவார். கூட்டம் விலகும்வரை காத்திருப்பதுதான் சிறந்த வழி. முடியாவிட்டால் அதே வரிசையை இரண்டு மூன்று தடவை திரும்ப எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேகம் சூரியனை மறைத்து மறைத்து விடுகிற நாளில் இன்னொரு தொல்லை: முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் வெயிலே மாறிவிடும். அந்த வரிசையை அழித்துவிட்டு மறுபடி எடுங்கள்.

செயற்கை விளக்கும் கலந்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல டியூப்லைட்டும் மலிவான எல்ஈடியும் விநாடிக்கு 100 தடவை மினுங்கும். 1/100ஐவிட வேகமான ஷட்டரில் பட்டை பட்டையாக விழலாம். அந்த இடங்களில் அப்பர்ச்சரை இன்னும் குறைத்து, எந்த வேகமும் 1/100க்கு மேலே போகாதபடி இறக்கிக்கொள்ளுங்கள்.

சேர்ப்பது

லைட்ரூம் வைத்திருப்பவர்கள் ஐந்தையும் தேர்ந்தெடுத்து ஃபோட்டோ மெர்ஜ், எச்டிஆர் என்று போனால் ஒரு டிஎன்ஜி ஃபைல் கிடைக்கும். ரா படம் போலவே அதில் எல்லா ஸ்லைடரும் வேலை செய்யும், எக்ஸ்போஷரைத் தாராளமாக ஏற்றி இறக்கலாம். காசு செலவழிக்க விரும்பாதவர்களுக்கு எச்டிஆர்மெர்ஜ் இருக்கிறது, டார்க்டேபிளும் இருக்கிறது. டார்க்டேபிள் படங்களை நேர்ப்படுத்தித் தராது, ட்ரைபாட்டில் எடுத்திருந்தால் மட்டும் அதில் சேருங்கள். ஹூகினோடு வரும் என்ஃபியூஸ் வேறு வழியில் போகிறது: ஒவ்வொரு படத்திலும் நன்றாக விழுந்த பகுதிகளை மட்டும் பொறுக்கிக் கலக்கும். முடிவு இயல்பாக இருக்கும், ஆனால் பின்னால் திருத்துவதற்கு அவ்வளவு இடம் இருக்காது.

ஆவி நீக்கும் வசதியை, அதாவது டீகோஸ்டை, தேவைப்பட்டால் மட்டும் போடுங்கள். மென்பொருள் அந்த இடத்தை ஒரே ஒரு படத்திலிருந்து எடுத்து ஒட்டுகிறது. அது இருண்ட படமாக இருந்தால் அங்கே மட்டும் நாய்ஸ் துருத்திக்கொண்டு தெரியும். 'லோ'வில் ஆரம்பித்து, போதாவிட்டால் ஏற்றுங்கள்.

மடக்குவது

எச்டிஆருக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது இந்தக் கட்டம்தான். வானம் கருநீலம், சுவர் ஆரஞ்சு, தூணைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம், எல்லா மூலையும் ஒரே பிரகாசம். அப்படிப்பட்ட படத்தைப் பார்த்தால் வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே சொல்ல முடியாது. வெளிச்சத்தின் வரிசையைக் கலைத்துவிட்டால் இப்படித்தான் ஆகும். முற்றத்து வெயில் முதலிடம், முற்றத்து நிழல் அடுத்தது, தூண்களின் உள்பக்கம் அதற்கடுத்து, கூரை கடைசி. எவ்வளவு மடக்கினாலும் இந்த வரிசை மாறக்கூடாது. உள்ளே இருக்கும் தரை, வெளியே நிழலில் கிடக்கும் தரையைவிடப் பளிச்சென்று தெரிந்தால் அந்தப் படம் பொய் சொல்கிறது.

நான் செய்கிற வரிசை இது. முதலில் எக்ஸ்போஷரை, படத்தில் எது முக்கியமோ அதற்கு வைக்கிறேன்; மகாலில் அது பெரும்பாலும் தூணின் நடுப்பகுதி. ஹைலைட்ஸை இறக்கி முற்றத்து வெயிலில் பூச்சின் சொரசொரப்பு தெரியும்வரை கொண்டுவருகிறேன். ஷேடோஸைத் தூக்குகிறேன், ஆனால் கடைசிவரை இழுப்பதில்லை. கூரை மூலையில் வேலைப்பாடு இருக்கிறது என்று தெரிந்தால் போதும், ஒவ்வொரு இதழையும் எண்ண வேண்டியதில்லை. அப்புறம் ஒயிட்ஸ், பிளாக்ஸ் இரண்டையும் வைத்து முனைகளை நிறுத்துகிறேன். கிளாரிட்டியில் (விளிம்புகளின் கான்ட்ராஸ்டைக் கூட்டும் ஸ்லைடர்) கை வைக்கும்போது ஜாக்கிரதை: ஒளிவட்டம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. தூணின் விளிம்பு வானத்தோடு சேரும் இடத்தை 100 சதவீதத்தில் பெரிதாக்கிப் பாருங்கள்.

மீதியை மாஸ்க் போட்டு, அதாவது படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, செய்யுங்கள். பெரிய ஸ்லைடர் ஒன்றை முரட்டுத்தனமாக இழுப்பதைவிட, சின்னச் சின்ன இடத்தில் கால் ஸ்டாப், அரை ஸ்டாப் ஏற்றி இறக்குவது நன்றாக இருக்கும். டார்க்ரூமில் கையை ஆட்டி வெளிச்சத்தை மறைத்தும் கூட்டியும் பிரிண்ட் போட்டவர்கள் செய்ததும் இதைத்தான்.

நிறத்தையும் பாருங்கள். மடக்கும்போது நிறம் தானாக அடர்ந்த மாதிரி ஆகிவிடும், சாச்சுரேஷனைக் கொஞ்சம் இறக்க வேண்டிவரும். நீலவானத்தின் வெளிச்சம் விழும் நிழல்கள் நீலம் பாய்ந்திருக்கும். பூச்சில் பட்டு எதிரொளிக்கும் பகுதி மஞ்சளாக இருக்கும். இரண்டையும் முழுக்க அழித்துவிடாதீர்கள். அந்த வித்தியாசம்தான் 'இது வெயில், இது நிழல்' என்று கண்ணுக்குச் சொல்கிறது.

இன்னொன்று. சில மென்பொருள்களில் இப்போது எச்டிஆர் திரைக்கென்று தனி எடிட் மோடு வந்திருக்கிறது. படத்தின் வெளிச்சப் பகுதி திரையில் ஜொலிக்கும். பிரிண்டுக்கு வேலை செய்யும்போது அதை அணைத்துவிடுங்கள். தாள் ஜொலிக்காது.

தாளுக்குத் தயார் செய்வது

'திரையில் நன்றாக இருந்தது, பிரிண்டில் இருட்டடித்துவிட்டது' என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் மானிட்டரின் பிரைட்னஸ். கடையிலிருந்து வந்தபடியே விட்டால் பிரிண்டுக்குத் தேவையானதைவிட இரண்டு மூன்று மடங்கு பளிச்சென்று இருக்கலாம். சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை இருப்பது வசதி. அளக்கும் கருவி கையில் இல்லையென்றால், நல்ல வெளிச்சத்தில் வெள்ளைத்தாள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளை அதைவிடத் தூக்கலாகத் தெரியாதவரை பிரைட்னஸை இறக்குங்கள்.

அடுத்தது எங்கே பிரிண்ட் போடுவது. கல்யாண ஆல்பம் போடுகிற லேப்களில் பெரும்பாலும் ரசாயனத் தாளில் லேசர் வைத்து எழுதும் மெஷின் இருக்கும். விலை குறைவு, தரம் சீராக இருக்கும். எஸ்ஆர்ஜிபி (பொதுவான நிற வரம்பு) ஜேபெக்காகக் கொடுங்கள். 'கரெக்‌ஷன் போடாதீங்க' என்று வாயால் சொல்லுங்கள், ஃபைல் பெயரிலும் எழுதுங்கள். ஆபரேட்டர் நல்லெண்ணத்தில் நிழலைத் தூக்கிவிட்டால் நீங்கள் உட்கார்ந்து செய்த அத்தனையும் போச்சு. பிக்மென்ட் இங்க் வைத்த எப்சன், கேனான் பெரிய பிரிண்டர்கள் இருக்கும் இடத்தில் செலவு கூடும். ஆனால் தாள் வகைகள் அதிகம், கறுப்பும் ஆழம். அங்கே அந்தத் தாளுக்கான ஐசிசி புரொஃபைலை (அந்தத் தாளில் நிறங்கள் எப்படி விழும் என்று சொல்லும் ஃபைல்) கேட்டு வாங்குங்கள். அதை வைத்து லைட்ரூமில் சாஃப்ட் புரூஃப் (பிரிண்ட் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் வசதி) போட்டால் படம் சட்டென்று மங்கிப்போகும். பயப்பட வேண்டாம், தாள் அப்படித்தான் இருக்கப்போகிறது. அந்த மங்கலுக்குள் படம் நிற்கும்படி கான்ட்ராஸ்டைத் திருத்துவதுதான் வேலை.

தாள் விஷயத்தில் எனக்குச் சாய்வு உண்டு. இந்த மாதிரி இருட்டும் வெயிலும் கலந்த படத்துக்கு லஸ்டர் (அரைப் பளபளப்புத் தாள்) அல்லது பரைட்டா (பேரியம் பூச்சுத் தாள்). கிளாசியில் கறுப்பு ஆழம்தான், ஆனால் வீட்டு டியூப்லைட் முழுக்க அதில் தெரியும். மேட் தாளில் ஏற்கெனவே சொன்ன ஐந்து ஸ்டாப்புக்குள் கூரை மூலை சாம்பல் பூத்துவிடும். பனிமூட்டம், வெள்ளைச் சுவர் போன்ற படங்களுக்கு மேட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு: அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்துக்கொண்டால் 12க்கு 18 அங்குலத்துக்கு 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவில் இது தாராளம். ஷார்ப்பனிங்கைக் கடைசியாக, பிரிண்ட் அளவுக்கு மாற்றியபின் போடுங்கள்.

சோதனைத் துண்டு

முழு அளவில் நேராகப் போய் நிற்காதீர்கள். இறுதி ஃபைலிலிருந்து நிஜ அளவிலேயே மூன்று துண்டு வெட்டுங்கள்: மிகவும் இருண்ட கூரை, வெயில் பட்ட பூச்சு, தூணின் நடுப்பகுதி. மூன்றையும் 8க்கு 12 தாள் ஒன்றில் அடுக்குங்கள். கீழே (0 கறுப்பு, 255 வெள்ளை என்ற கணக்கில்) 0 முதல் 50 வரை ஐந்தைந்தாக ஏறும் சாம்பல் கட்டங்களை ஒரு வரிசையாகப் போடுங்கள். பிரிண்ட் வந்ததும் அந்தக் கட்டங்களைப் பாருங்கள். 0, 5, 10, 15 நான்கும் ஒரே கறுப்பாகத் தெரிந்து 20இல்தான் பிரிய ஆரம்பிக்கிறது என்றால், அந்தத் தாளுக்கு உங்கள் நிழல் விவரம் 20க்கு மேலே இருக்க வேண்டும். டோன் கர்வ் கோட்டின் கீழ்க் கால்பகுதியை (நிழல் பக்கத்தை) மட்டும் லேசாகத் தூக்குங்கள், முழுப் படத்தையும் வெளுக்காதீர்கள். இன்னொரு முனையில் 245க்கு மேலே பூச்சின் சொரசொரப்பு எதுவும் இருந்தால் தாளின் வெள்ளையோடு கரைந்துவிடும், அதையும் இறக்குங்கள்.

துண்டைப் பகலில் ஜன்னலோரமாகவும், படம் மாட்டப்போகும் சுவரில் இரவு விளக்கிலும் வைத்துப் பாருங்கள். வரவேற்பறையில் ஒரே ஒரு மஞ்சள் பல்புதான் என்றால் படம் முழுவதையும் மூன்றில் ஒரு ஸ்டாப் ஏற்றிப் போடுவதில் தப்பே இல்லை. அந்த ஃபைலைத் தனியாகச் சேமியுங்கள், மூல ஃபைலில் கை வைக்காதீர்கள்.

இங்க்ஜெட் பிரிண்டை உடனே ஃபிரேம் போடக் கொடுக்காதீர்கள். ஒரு நாள் திறந்தபடி காயட்டும். ஈரத்தோடு மூடினால் கண்ணாடியின் உள்பக்கம் பனி படிந்த மாதிரி ஆகிவிடும். ஃபிரேம் கடையில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள், கண்ணாடி நேராகப் படத்தில் ஒட்டக்கூடாது. நம் ஊர் ஈரப்பதத்துக்கு ஒட்டினால் பிரிக்க முடியாது. பிரிண்டின் பின்பக்கம் தாளின் பெயர், ஃபைல் பெயர், ஏற்றிய அளவு மூன்றையும் எழுதி வையுங்கள். காட்டன் தாளென்றால் மெல்லிய பென்சில் போதும். பிளாஸ்டிக் பூச்சு உள்ள லேப் தாளில் பென்சில் பிடிக்காது, சீக்கிரம் காயும் மார்க்கரால் எழுதுங்கள். பால்பாயிண்ட் வேண்டாம், அழுத்தின தடம் முன்பக்கம் தெரியும்.